ஒரே நிழல், வேறு வேறு வெயில்: சென்னை – சிட்னி நிழல் அளவை

போன டிசம்பர் தொடக்கத்தில் சிட்னியிலிருந்து அக்கா மகள் வீடியோவில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் சூரியக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். "மாமா, ஜனவரியிலதான் பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல போகுதாம். எங்களுக்கு அப்பதான் சம்மர். அப்ப உங்க மே மாசத்தைவிட இங்கதானே கொளுத்தணும்? ஏன் இல்ல?"

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால்தான் வடக்கே கோடை என்றால் தெற்கே குளிர் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டது அது இல்லை. பருவங்கள் ஏன் எதிரெதிராக வருகின்றன என்பது அவளுக்கே தெரியும். அவள் கோடையும் என் கோடையும் ஏன் ஒரே தரமாக இல்லை என்பதுதான் கேள்வி. இரண்டு ஊரிலும் ஒரே நீளத்துக் குச்சியை நிறுத்தி உச்சிவேளை நிழலை அளந்துகொண்டே வருவோம், விடை எங்கே தட்டுப்படுகிறது பார்ப்போம் என்று பேசி முடித்தோம். டிசம்பரிலிருந்து ஜூலை வரை செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பக்கம் சென்னையில் மொட்டைமாடி, 13.1 டிகிரி வடக்கு. அவள் பக்கம் பாரமட்டா அருகே வீட்டின் பின்முற்றம், 33.8 டிகிரி தெற்கு. நான் பழைய திரைச்சீலைக் குழாய் ஒன்றைச் சரியாக 1 மீட்டருக்கு அறுத்து, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டேன். தூக்குக்குண்டு வைத்து நேர் பார்த்தேன், ரசமட்டம் வைத்துத் தரை பார்த்தேன். மாடித் தளம் தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சரிந்திருந்தது, எனவே ஒரு பலகையை அடியில் ஆப்பு கொடுத்து மட்டமாக்கி, அதன்மேல்தான் கோடு போட்டேன். இதைச் செய்யாமல் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகத் தவறும்.

இன்னொரு தொல்லை, நிழலின் நுனி மங்கலாக இருப்பது. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்குக் கலங்கிவிடுகிறது. ஒரு தகரத் துண்டில் ஆணியால் ஓட்டை போட்டுக் குழாயின் தலையில் ஒட்டினேன். இப்போது நிழலுக்கு நடுவில் சின்ன ஒளிவட்டம் விழுகிறது. அதன் மையத்தைக் குறித்தால் போதும். அவளும் மாப் குச்சி ஒன்றில் அதையே செய்துகொண்டாள்.

டிசம்பர் 21. என் நிழல் வடக்கு நோக்கி 74.5 செ.மீ. கணக்குப்படி 74.1 வரவேண்டும், எனக்குத் திருப்தி. அவள் அனுப்பியது 28 செ.மீ. அதுவும் தென்மேற்கே சாய்ந்த கோடு. நேர் தெற்கே 18 அல்லவா வரவேண்டும்? குச்சி சாய்ந்திருக்கிறதா, டேப்பைத் தவறாகப் படித்தாளா என்று ஒரு மணிநேரம் மாற்றி மாற்றிப் பேசினோம். கடைசியில் பார்த்தால் தவறு கடிகாரத்தில். அவள் சரியாக 12 மணிக்கு அளந்திருக்கிறாள். சிட்னியில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12:54-க்குத்தான். சென்னையிலும் 12 மணி உச்சிவேளை கிடையாது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னை அதற்கு மேற்கே 80.3-இல் இருக்கிறது. அதனால் மட்டும் 9 நிமிடம் பிந்தும். அதற்குமேல் பூமியின் ஓட்டம் ஒரே வேகத்தில் இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் உச்சிவேளை மாதத்துக்கு மாதம் நகர்கிறது. பிப்ரவரி நடுவில் 12:23 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11:52-க்கே வந்துவிடும். மறுநாள் 12:54-க்கு அளந்து அனுப்பினாள்: தெற்கு நோக்கி 18.5 செ.மீ. குறித்து வைத்துக்கொண்டேன். அந்த எண்ணின் அருமை ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜனவரி முதல் வாரம். சூரியன் "பக்கத்தில்" இருக்கும் நாள் இதுதான், சுமார் 14.71 கோடி கி.மீ. ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஆசை. கிரகணத்துக்கு வாங்கிய சூரிய வடிகட்டித் தாளைக் கேமரா முன்னால் ஒட்டி, ஜூமை முழுக்க நீட்டி ஒரு படம் எடுத்தேன். வட்டின் அகலம் 1,240 பிக்சல். (வடிகட்டி இல்லாமல் யாரும் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. கண்ணுக்கும் கேடு, கேமராவுக்கும் கேடு.) இதன் ஜோடிப் படத்துக்கு ஜூலை வரை காத்திருக்க வேண்டும்.

பொங்கலன்று அம்மா "இன்னைக்குத்தானே உத்தராயணம் பொறக்குது, உன் குச்சி என்ன சொல்லுது?" என்று கேட்டார். குச்சி டிசம்பர் 22-லிருந்தே நிழலைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகத் தலைசுற்றுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் தை முதல் நாளும் சூரியன் மெய்யாகவே வடக்கே திரும்பும் நாளும் இப்போது மூன்று வாரத்துக்குமேல் விலகிவிட்டன. முன்னொரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

மார்ச் 20, சம இரவு நாள். என் நிழல் 23, அவளுடையது 67. இரண்டு ஊரிலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். அன்று காலண்டரை எடுத்து ஒரு வேலை செய்தேன். மார்ச் 20-லிருந்து செப்டம்பர் 22 வரை நாட்களை எண்ணினால் 186. அங்கிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179. சூரியன் வட பாதியில் இருக்கும் காலம் ஒரு வாரம் கூடுதல்! ஜனவரியில் சூரியனுக்குப் பக்கத்தில் போகும் பூமி வேகமாக ஓடுகிறது, ஜூலையில் தொலைவில் மெதுவாக நகர்கிறது. வானியலாளர் கெப்ளர் 1609-இல் சொன்னதைச் சமையலறைக் காலண்டரிலேயே எண்ணிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது: தெற்குக்குக் கோடையில் வெயில் சற்று அதிகம், ஆனால் நாட்கள் குறைவு. ஆண்டு முழுதும் கூட்டினால் இரண்டு அரைக்கோளங்களுக்கும் வந்து சேரும் சூரிய ஒளி ஒரே அளவு.

ஏப்ரல் 24 பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, பார்த்தால்தான் தெரியும். சென்னையில் நிழலில்லா நாள். 12:07-க்கு ஒளிவட்டம் குழாயின் அடிக்கே வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து மாடிப் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். சிட்னிக்கு இப்படி ஒரு நாள் கிடையவே கிடையாது, அது மகர ரேகைக்கு வெளியே இருக்கிறது. அங்கே உச்சிவேளைச் சூரியன் வருடம் முழுவதும் வடக்கில்தான். அதனால் வீடு வாங்குகிறவர்கள் வடக்குப் பார்த்த வீட்டை விரும்பித் தேடுகிறார்கள் என்று அக்கா சொன்னாள்.

மே மாதம், கத்திரி வெயில் நாட்களில் இரண்டு வாளி. ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் தண்ணீர், இரண்டும் ஒரே உயரம். சமையலுக்கு விற்கும் ஊசி வெப்பமானியால் மேற்பரப்பிலும் 20 செ.மீ. ஆழத்திலும் அளந்தேன். பிற்பகல் 2 மணிக்கு மணலின் மேல் 56 டிகிரி, ஆழத்தில் 33. தண்ணீரின் மேல் 36, ஆழத்தில் 34. மணலில் கை வைக்க முடியவில்லை. விடியற்காலை 5 மணிக்கு மணல் மேற்பரப்பு 27, தண்ணீர் 30. ஒரே வெயிலை வாங்கிக்கொண்டு மணல் அதை மேலேயே வைத்துக்கொண்டு கொதித்து, இரவில் விட்டுவிடுகிறது. தண்ணீர் உள்ளே இறக்கிக்கொள்கிறது, கொஞ்சத்தை ஆவியாக்குவதில் செலவிடுகிறது, மிச்சத்தை மெதுவாகத் தருகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், காய்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஐந்து மடங்கு. கடலில் அலையும் காற்றும் கலக்குவதால் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வெப்பம் பரவுகிறது. என் வாளி கடல் இல்லை, ஆனாலும் திசை சரியாகத் தெரிந்தது.

ஜூன் 21. அன்று மேகம் நடுநடுவே வந்து மறைத்தது. 12:11-க்கு இரண்டு நிமிடம் வெயில் கிடைத்தது. நிழல் தெற்கு நோக்கி 18.2 செ.மீ. நோட்டில் எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. தெற்கு, 18. இதை முன்பே எழுதியிருக்கிறேனே! பக்கங்களைப் புரட்டினேன். டிசம்பர் 22, அவள் அனுப்பியது: தெற்கு, 18.5.

காரணம் எளிது. ஜூனில் சூரியன் 23.4 வடக்கில் நிற்கிறது, சென்னை அதிலிருந்து 10.3 டிகிரி தெற்கே. டிசம்பரில் சூரியன் 23.4 தெற்கில், பாரமட்டா அதிலிருந்து 10.4 டிகிரி தெற்கே. என் ஜூன் சூரியனும் அவள் டிசம்பர் சூரியனும் உச்சிவேளையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ஊர்களைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை, குடும்பம் அங்கே இருக்கிறது என்பதால் அமைந்தது. இதைவிட நல்ல ஒப்பீடு தேடினாலும் கிடைத்திருக்காது.

ஆக, ஒரே உயரச் சூரியன். அதோடு அவளுக்கு இரண்டு சலுகை வேறு: சூரியன் கிட்டே இருப்பதால் ஒளி கிட்டத்தட்ட 7 விழுக்காடு அதிகம். பகலும் நீளம், அங்கே சுமார் 14 மணி 25 நிமிடம், இங்கே 13 மணிக்குச் சற்றுக் குறைவு. காற்றும் மேகமும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 24 மணிநேரச் சராசரியாக ஒரு சதுர மீட்டர் தரையில் விழுவது சென்னை ஜூன் 21-இல் 436 வாட், அவள் ஊர் டிசம்பர் 21-இல் 511 வாட். அவளுக்கு 17 விழுக்காடு அதிகம்! அவள் கேள்வி முழுக்க நியாயமானது என்று இங்கேதான் எனக்கு உறைத்தது. அப்படியிருந்தும் சென்னையில் ஜூன் பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டி, சிட்னித் துறைமுகப் பக்கம் டிசம்பரில் 25-ஐ ஒட்டி.

மிச்ச இரண்டு எண்களையும் போட்டபோது பாதி விடை வந்தது. சென்னையின் மிக மெலிந்த நாளான டிசம்பர் 21-இல்கூட 339 வாட் விழுகிறது. அவளுடைய மெலிந்த நாளில், அதாவது நான் குச்சி முன் நின்ற அதே ஜூன் 21-இல், வெறும் 188. அன்று அவள் நிழல் 155 செ.மீ., முற்றம் தாண்டிச் செடிக்குள் போய்விட்டது. எங்கள் மண்ணும் வங்கக் கடலும் வருடம் முழுக்கச் சேமித்துக்கொண்டே இருக்கின்றன. ஜூனில் கடல் 29 டிகிரி அளவில் இருக்கும், மேற்கே வெந்து கிடக்கும் நிலத்தைத் தாண்டி மேல்காற்று வேறு வந்து கடற்காற்றைத் தடுக்கும். அவளுடைய கடல் டிசம்பரில் அப்போதுதான் குளிரிலிருந்து மீண்டு 20, 21 டிகிரியில் நிற்கும். தெற்கிலிருந்து திடீரென்று வீசும் குளிர்காற்றை அங்கே "சதர்லி" என்கிறார்கள். அது வந்தால் சற்று நேரத்தில் பத்து டிகிரிக்குமேல் இறங்கிவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்தக் காற்று வருவது தென் பெருங்கடல் பக்கமிருந்து.

மறுபாதி விடை அங்கேதான், என் இரண்டு வாளிகளில். வட அரைக்கோளத்தில் நிலம் சுமார் 39 விழுக்காடு, தென் அரைக்கோளத்தில் 19 தான். நாற்பதிலிருந்து அறுபது டிகிரி வரை வடக்கே பார்த்தால் ஐரோப்பா, சைபீரியா, கனடா. தெற்கே அதே இடத்தில் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். சிட்னி தெற்கே இருக்கும் ஏறக்குறைய அதே டிகிரியில் வடக்கே இருக்கும் பாக்தாத்தை எடுத்துக்கொண்டால், ஜூலைப் பகல் 44 டிகிரியைத் தொடும், ஜனவரி இரவு 4-க்கு இறங்கும். அது மணல் வாளி. சிட்னியின் ஜனவரிப் பகல் 26, ஜூலை இரவு 8. அது தண்ணீர் வாளி. சிட்னிக்குள்ளேயே கடலைவிட்டு 50 கி.மீ. உள்ளே தள்ளிப் போனால் மணல் வாளியின் குணம் வந்துவிடுகிறது: பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது.

இதனால்தான் பூமி முழுவதன் சராசரி வெப்பநிலை, சூரியன் தொலைவில் இருக்கும் ஜூலையில் அதிகம், பக்கத்தில் இருக்கும் ஜனவரியில் குறைவு. ஆண்டுச் சராசரியிலும் வடக்கு, தெற்கைவிட ஒன்றரை டிகிரி போலச் சூடு. அதில் பெரும்பங்கு அட்லாண்டிக் நீரோட்டங்கள் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே கொண்டுபோகும் வெப்பம்.

இதை அவளுக்கு அன்றிரவு சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப அந்த 7 பர்சென்ட் எங்க போச்சு மாமா?" என்றாள். வீணாகவில்லை, பெரும்பகுதி தென்கடல்களுக்குள் இறங்கியது என்றேன். பூமி சூரியனை நெருங்கும் தேதி என்றும் ஜனவரியாக இருக்காது என்பதையும் சொன்னேன். அது நூற்றாண்டுகளில் மெல்ல நகர்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது வடக்கின் கோடையில் இருந்தது, அப்போது ஆப்பிரிக்கப் பருவமழை வலுத்து, சஹாராவில் ஏரிகளும் புல்வெளியும் இருந்தன. தண்ணீருக்குப் பதில் நிலத்தின்மேல் விழுந்தால் அதே 7 விழுக்காடு அவ்வளவு வேலை செய்யும்.

ஜூலை முதல் வாரம் முழுக்க மேகம். நான்காம் நாள் மாலை சற்று விலகியது. அதே கேமரா, அதே வடிகட்டி, அதே ஜூம்: 1,200 பிக்சல். ஜனவரிப் படத்தைப் பக்கத்தில் ஒட்டி அவளுக்கு அனுப்பினேன். 1,240-ஐ 1,200-ஆல் வகுத்து 1.033 என்று அவளே போட்டு அனுப்பினாள். தூரங்களின் விகிதம் 1.034.

ஆகஸ்ட் 18-இல் சென்னைக்கு இரண்டாவது நிழலில்லா நாள். பலகையை மறுபடி மட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். மேகம் விட்டால் அன்று அவளும் தன் குச்சியோடு வீடியோவில் இருப்பாள்.