தி நைஸ் ஆர்கன் ஒலி: க்ளோன் கீபோர்டில் எதுவரை வந்திருக்கிறது

1967 மே மாதம் பாடகி பி.பி. அர்னால்டுக்குப் பின்னணி வாசிக்கச் சேர்ந்து, 1970 மார்ச்சில் கலைந்த பிரிட்டிஷ் ராக் குழு தி நைஸ். 1968-இல் கிதார் கலைஞர் டேவி ஓ'லிஸ்ட் விலகியபின், கிதாரின் வேலையையும் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சனின் ஹாமண்ட் மின் ஆர்கனே சுமந்தது. அவருடைய எல்-100 மாடலின் அந்த முரட்டு ஒலியை, ஹாமண்டைப் போலவே ஒலிக்கச் செய்த டிஜிட்டல் நகலான இரண்டு அடுக்கு க்ளோன் கீபோர்டில் எடுத்துப் பார்த்ததன் நிலவரம் இது.

மேல் அடுக்கு எளிது. டிராபார் (ஒலியின் கலவையை அமைக்கும் ஒன்பது இழுப்புத் தண்டுகள்; ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை) 888000000, பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் வரும் தட்டல்) மூன்றாம் ஹார்மானிக், சட்டென்று தேயும்படி. லெஸ்லி எனும் சுழலும் ஸ்பீக்கர் விளைவை அணைத்துவிட்டு, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவைத் தாராளமாக ஏற்றினால் போதும்.

சிக்கல் கத்தியில்தான். எமர்சன் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகி சுரத்தை நிறுத்திவைப்பார். அதை மேல் அடுக்கில் செய்தால் பெர்கஷன் செத்துவிடும். ஹாமண்டில் அந்த அடுக்கின் எல்லாக் கட்டைகளையும் விட்டபின் அழுத்தும் கட்டைக்குத்தான் அந்தத் தட்டல் வரும். ஒன்று அழுந்தியே கிடந்தால் மற்றவை மொட்டையாக ஒலிக்கும். க்ளோனும் அப்படியே. ஆகவே நிறுத்தும் சுரங்கள் கீழ் அடுக்குக்குப் போயின: E-யும் B-யும், தம்புராவின் ஸ-ப மாதிரி. அங்கே 8 அடி டிராபார் மட்டும், 5 வரை; அதற்கு மேல் இழுத்தால் ஓவர்டிரைவில் எல்லாம் கூழாகிவிடுகிறது. கத்தி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கட்டை உடையும். மடித்த அட்டையை ஆப்பாகச் செருகினால் நன்றாகவே நிற்கிறது.

அடுத்தது மோட்டார். ஓடும் ஆர்கனை அணைத்தால், மோட்டார் சுழற்றி ஒலியை எழுப்பும் டோன்வீல் சக்கரங்கள் மெல்ல நிற்கும். ஆம்பின் வெற்றிடக்குழாய் வால்வுகளில் சூடு இருக்கும்வரை சுருதி வழுக்கிக்கொண்டே இறங்கும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டை 12 அரைச்சுரம் கீழே வைத்து இழுத்தால் பாதிதான் கிடைக்கிறது. வால்யூம் பெடலையும் கூடவே இறக்கினால்தான் நம்பும்படி இருக்கிறது.

ஆர்கனை உலுக்கும்போது எழும் இடி, எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. டிஜிட்டல் ரிவெர்பில் அதற்கு வழியே இல்லை. ஸ்பிரிங் ரிவெர்ப் உள்ள கிதார் ஆம்பில் இணைத்து, பெட்டியை உள்ளங்கையால் தட்ட வேண்டும். இதுவரை கிடைத்ததில் அசலுக்கு மிக நெருங்கியது இதுதான்.

அசல் எல்-100 வாங்க நினைப்பவர்கள் பெயர்த்தகட்டில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகும். C அடித்தால் A-க்கும் சற்றுக் கீழே ஒலிக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.