டிரிப்சின் வெட்டினால்தான் ரோட்டா உள்ளே போகும்

குழந்தைகளுக்குப் பேதி வரவைக்கும் ரோட்டா வைரஸை எங்கள் லேபில் வளர்க்கும் நாளில் முதல் வேலை சீரத்தைக் கழுவி எடுப்பது. ஃபிளாஸ்கின் அடியில் குரங்குச் சிறுநீரக செல்கள் ஒரே அடுக்காக ஒட்டிப் படர்ந்திருக்கும். அவை வளர்ந்த மீடியத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில், கன்றுக்குட்டி சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) இருக்கும். சீரத்தில் டிரிப்சின் என்ற நொதியை அடக்கிவிடும் புரதங்கள் உண்டு. அவை மிச்சமிருந்தால் வைரஸ் சரியாகப் பிடிக்காது. அதனால் சீரம் இல்லாத மீடியத்தால் திரும்பத் திரும்ப அலசி, டிரிப்சின் கலந்த வைரஸை மெல்ல விடுகிறோம். ஓரிரு நாளில் செல்கள் உருண்டு திரண்டு அடியிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கும்.

டிரிப்சின் கணையம் சுரக்கிற நொதி. நாம் சாப்பிடுகிற பருப்பின், முட்டையின் புரதத்தைச் சிறுகுடலில் துண்டாக்குவது அதுதான். ரோட்டாவின் மேல் 60 புரத முட்கள் இருக்கின்றன. டிரிப்சின் அந்த முட்களையும் வெட்டுகிறது, ஆனால் அதனால் வைரஸ் சாவதில்லை. வெட்டுப்பட்ட பிறகுதான் முள் விறைத்து நிற்கிறது. அதன் நுனித்துண்டு குடல் செல்லின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு நுனி விலக, அடித்துண்டு புரண்டு மடிந்து செல் சவ்வைத் துளைக்கும். வைரஸின் வெளிக்கூட்டைக் கட்டி வைத்திருப்பது கால்சியம். செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு என்பதால் அந்தக் கூடு கழன்று விழ, உள்ளே இருப்பது வேலையை ஆரம்பிக்கிறது. நம் உணவைச் செரிக்க வேண்டிய நொதியே இதற்குக் கதவு திறந்துவிடுகிறது என்பது எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்புதான்.

1973-இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் பேதியில் கிடந்த குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே இந்த வைரஸைக் கண்டார்கள். ஆனால் மனித ரோட்டாவை லேபில் நன்றாக வளர்க்க 1980-களின் தொடக்கம் வரை ஆனது. டிரிப்சின் சேர்த்ததும் அதில் பெரிய பங்கு.

ரோட்டா குடல் முழுவதையும் பிடிப்பதில்லை. குடலின் உட்சுவரில் விரல் போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள முதிர்ந்த செல்களைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. உணவையும் நீரையும் உறிஞ்சுபவை அவையே. அவை உதிர்ந்தால் குழந்தைக்குத் தண்ணீராகப் போகிறது. அடிக்குழியிலுள்ள இளம் செல்கள் தப்பித்து, சில நாட்களில் மேலேறி வந்து இடத்தை நிரப்பிவிடும். அதுவரை குழந்தையின் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். "பல்லு முளைக்குது, அதான் போகுது", "தண்ணி குடுத்தா இன்னும்ல போகும்" என்கிற பெரியவர்களின் பேச்சை நம்பி ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்காமல் விடுவது பெரிய ஆபத்து. மிஞ்சிய செல்களில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழைகிற வழி இன்னும் வேலை செய்யும். அவற்றோடு தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் அதை நம்பித்தான் இருக்கிறது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தடுப்பு மருந்தும் இருக்கிறது. ரோட்டாவாக் என்ற அந்த மருந்தில் உள்ள 116ஈ என்ற ரோட்டா வகை டெல்லியில் நோய்க்குறியே காட்டாத பச்சிளங்குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. டெல்லி, புனே, வேலூரில் நடந்த சோதனையில் முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை ஏறத்தாழ 56 சதவீதம் குறைத்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் இந்த நோய் எத்தனை பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளுகிறது என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, 2017-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6, 10, 14-ஆவது வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். ஒரு வயது தாண்டிவிட்டால் முதல் தவணையைத் தொடங்க மாட்டார்கள். கைக்குழந்தை உள்ள வீடென்றால், தடுப்பூசி அட்டையை எடுத்து ரோட்டா என்ற வரியில் தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.