அத்தான் பெயரில் பத்திரம், அக்காவின் நகை

கோத்தகிரியில் என் அக்கா குடியிருக்கும் வீட்டுச் சுவரில், நொடிப்பு (திவால்) வழக்கின் அறிவிப்பு ஒன்றைச் சென்ற மாதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிற சங்கதி, விவாகரத்தாகி மூன்று ஆண்டுகள் கழிந்த மனைவியின் கூரை வரை வரும் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அத்தான் (இன்னமும் வாயில் அப்படித்தான் வருகிறது) பச்சைத் தேயிலை ஏஜென்டாக இருந்தவர். சிறு விவசாயிகளிடம் இலையைக் கடனுக்கு வாங்கித் தொழிற்சாலைக்குப் போட்டார். விலை சரிந்த பருவங்களில் கடன் மேல் கடனாக ஏறி, எழ முடியாமல் போனார்.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென ஒரு பகுதி இருந்தாலும், கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே அத்தானுக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தவுடன், அதன் 28ஆம் பிரிவின்படி அவர் சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, அது நியமிக்கும் ரிசீவரிடமோ (சொத்துப் பொறுப்பாளர்) போய்விடுகிறது. ஆனால் நொடித்தவருக்கு இருந்த உரிமைக்கு மேல் ரிசீவருக்கு எதுவும் கிடைக்காது. அக்கா இருக்கும் வீட்டின் பத்திரத்தில் அத்தான் பெயர் இருப்பது உண்மை. அந்த இடம் அத்தானுடையதுதானா என்பதே எங்கள் கேள்வி.

பரஸ்பர சம்மத விவாகரத்தின்போது எழுதிய ஒப்பந்தத்தில், வீடு அக்காவுக்கு, அதற்கு ஈடாக அவர் ஜீவனாம்சம் கேட்க மாட்டார் என்று தெளிவாக ஒரு ஷரத்து உண்டு. முத்திரைச் செலவுக்குத் தயங்கி நாங்கள் அதைப் பதிவு செய்யாமல் விட்டோம். வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் சேர்த்தால், பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். கடன் கொடுத்தவர்களின் வக்கீல் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். அன்றே பதிந்திருந்தால், நொடிப்பு மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் நடந்த கைமாற்றங்களை ரத்து செய்ய இடம் தரும் நொடிப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவும் எங்களைத் தொட்டிருக்காது. மிச்சம் பிடித்த முத்திரைச் செலவை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஆகையால் எங்கள் வக்கீல் ஒப்பந்தத்தை இரண்டாம் வரிசைக்குத் தள்ளிவிட்டுப் பணத்தின் வழியே போகிறார். 2009இல் அந்த இடம் வாங்கப்பட்டது அக்காவின் 38 பவுன் நகையை விற்ற பணத்தில். நகை பெண்ணின் முழுச் சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அவன் அதற்குக் காவலன் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்குமோ என்று பயந்தேன். ஆனால் கணக்கில் தெரியும் வருவாயிலிருந்து கணவன் அல்லது மனைவி பெயரில் வாங்குவதை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பெயர் ஒருவருடையது, சொத்து இன்னொருவருடையது என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது, வாங்கியபின் யார் அனுபவித்தார், மூலப் பத்திரம் யார் கையில் இருந்தது போன்றவையே அளவுகோல்கள் என்று வள்ளியம்மாள் வழக்கில் 2004இல் வந்த தீர்ப்பு சொல்கிறது. மூலப் பத்திரம் அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நகைக்கடை ரசீது மங்கிப்போயிருந்தாலும், அந்தத் தொகை அக்காவின் கணக்கில் ஏறி, அடுத்த வாரமே இடத்தை விற்றவர் பெயருக்கு டிமாண்ட் டிராஃப்டாகப் போனது பாஸ்புக்கில் இருக்கிறது. வீடு அடமானத்தில் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். பத்திரத்திலுள்ள பெயரை நம்பி வங்கி கடன் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

உரிமை யாருடையது என்பதை நொடிப்பு நீதிமன்றமே தீர்மானிக்க அதே நொடிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் கொடுப்பதால், அதன்கீழ் ஊட்டியில் மனு போட்டோம். அங்கே வராந்தாவில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தோட்டக்காரர்கள். அக்கா ஜெயித்தால் அவர்களுக்குப் பங்கிட எதுவுமே மிஞ்சாது. பக்கத்து ஹட்டியை (படுகர் ஊர்) சேர்ந்த பெரியவர் ஒருவர் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "வீடு உன் காசுதான், எனக்கே தெரியும்மா. என் இலைக் காசுக்கு நான் யாரிடம் போவது?" என்று கேட்டார். அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாய்தாவுக்குப் பாஸ்புக்கின் அசலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.