ஜாம் போத்தல் வெளிச்சம்

நவம்பர் கடைசி வாரம், மழைநாள். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியின் நடுவிலுள்ள எங்கள் சின்ன ஊரில் பின்னேரம் நாலு மணிக்கே கும்மிருட்டு. மகளைக் கூட்டிவரப் பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். சப்பாத்துக்கூடப் போடாமல், இரண்டு கையாலும் எதையோ பொத்திப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"அம்மா, இது உங்களுக்கு. நான் செய்தது."

ஒரு ஜாம் போத்தல். வெளிப்பக்கமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மெல்லிய கடதாசித் துண்டுகள் ஒட்டியிருந்தன. பசை இன்னும் காயவில்லை. உள்ளே ஒரு சின்ன மெழுகுதிரி. இங்கே டிசம்பரை வரவேற்கப் பிள்ளைகள் செய்யும் சாதாரணக் கைவேலை அது. பக்கத்தில் நின்ற மற்ற அம்மாக்கள் எல்லோர் கையிலும் ஒவ்வொரு போத்தல் இருந்தது. எனக்கு மட்டும் வாய் திறக்க முடியவில்லை. "அழகாயிருக்கு" என்று சொல்லவே கொஞ்ச நேரம் எடுத்தது.

1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் கறண்ட் நின்றபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் நான் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில்தான். மண்ணெண்ணெய்க்குத் தடை; கிடைத்தாலும் பவுண் விலை. அதனால் அப்பா போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவார். பழைய சைக்கிள் வால்வில் திரியைக் கோத்து, கம்பியால் உள்ளே தொங்கவிடுவார். போத்தலே சிமினியாகவும் இருக்கும், காற்றடித்தாலும் நூராது. ஒரு விளக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணா. காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

விளக்கேற்றியதும் புத்தகத்தை விரிக்க அப்பா விடமாட்டார். முதலில் முற்றத்துக்குப் போவார். வேலியடியில் நின்று, யன்னலில் சாக்குக் கட்டியிருக்கிற இடத்தை உற்றுப் பார்ப்பார். வெளிச்சம் வெளியே கசிந்தால் ஆபத்து, மேலே குண்டுபோடுகிற பொம்மர் விமானம் சுற்றுகிற காலம். "தெரியேல்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் படிக்கத் தொடங்குவோம். எத்தனையோ இரவு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

இதையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து, மேசை நடுவில் போத்தலை வைத்து, மின்விளக்கை நூர்த்துவிட்டு ஏற்றினோம். சிவப்பும் மஞ்சளும் சுவரில் ஆடின. மகள் கைதட்டினாள். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

டென்மார்க்குக்கு வந்த புதிதில், இந்த மெழுகுதிரிப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மின்சாரம் இருக்கிறது, பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் வருகிறது. அப்படியிருந்தும் விருந்துக்கு ஆள் வந்தால் மின்விளக்கைக் குறைத்துவிட்டு மேசையில் திரி ஏற்றுகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு, வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில்கூட ஏற்றுகிறார்கள். இருட்டில் இருந்து பழகாதவர்களின் விளையாட்டு இது என்று மனதுக்குள் ஒரு கோபம் எனக்கு இருந்தது. டேனிஷ் மொழியில் இந்தச் சுடருக்கு 'உயிருள்ள வெளிச்சம்' என்று பெயர். அந்தச் சொல்லைப் படித்த நாளில்தான் கோபம் கொஞ்சம் இறங்கியது. சுவாமி விளக்கை நாங்கள் 'அணை' என்று சொல்லாமல் 'குளிரவை' என்று சொல்வதும் அதே எண்ணத்தில்தானே.

கோபம் மிச்சமில்லாமல் போனதற்குக் கீழ் வீட்டு அம்மாதான் காரணம். எழுபத்தாறு வயது, தனியாக இருப்பவர். இங்கே வயது பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னால் அது முடியவில்லை. மகள் அவரை அம்மம்மா என்று கூப்பிடத் தொடங்கியதும் எனக்கும் ஒரு வழி கிடைத்தது. ஜாம் போத்தலுடன் மகள் படியிறங்கிப் போய்க் காட்டியபோது, அந்த ஞாயிறு எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு அது. கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு ஞாயிறும் ஒவ்வொரு திரியாகக் கூட்டி ஏற்றுவார்கள். பச்சைத் தழை வளையத்தில் நாலு மெழுகுதிரி. 1839 இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிச் விச்சர்ன் என்ற பாதிரியார், தன் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்மஸ் எப்போது என்று நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் பெரிய வெள்ளைத் திரி நாலும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகளும் வைத்தாராம். காத்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் எண்ணட்டும் என்று செய்த வேலை. அது எனக்கு உடனே பிடித்துப்போனது.

அந்த அம்மா மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஈரமாக ஒரு களிமண் கட்டியை வைத்தார். பக்கத்தில் பாசி, ஊசியிலைக் கொப்பு, பைன் காய், சிவப்பு ரோஜாக்காய். களிமண்ணைத் தட்டி உருட்டி, நடுவில் திரியை ஊன்றி, சுற்றிவர எல்லாவற்றையும் குத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் களிமண்ணைக் கையில் எடுத்தேன். அந்த மணம்! ஊரில் கார்த்திகை மாதம் சந்தையில் விளக்கேற்றப் புதுச் சிட்டி வாங்கிவந்து, என் அம்மம்மா தண்ணீரில் ஊறப்போடுவார். சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு மணம் வரும். இது சுடாத மண், வேறு நாட்டு மண். இருந்தாலும் கிட்டத்தட்ட அதே மணம். சரி, நான் இந்த நாட்டுக்குப் பழகிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், மூக்கு என்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

அப்புறம் கறுவாப் பட்டையை எடுத்தார். மூன்று பட்டைகளைச் சிவப்பு நாடாவால் கட்டி மண்ணில் குத்தினார். உணவுப் பொருளை இப்படி அலங்காரத்துக்கு வைப்பது முதலில் நெஞ்சை உறுத்தியது. கிட்டப் பார்த்தேன்: தடித்த ஒற்றைச் சுருள். எங்கள் கறுவா அப்படி இருக்காது. மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, சுருட்டு மாதிரி இருக்கும். மேலே ஓடிப்போய் எங்கள் டப்பாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைக் குத்தக்கூடாது, இது சமையலுக்கு" என்று அவரே திருப்பித் தந்தார். அவர்களுடைய அரசர் நான்காம் கிறிஸ்டியான் 1618 இல் கப்பல்களை அனுப்பியதும் இப்படியான சரக்கு வியாபாரத்தை எண்ணித்தானே. அந்தக் கப்பல்கள் திருகோணமலைப் பக்கம் போய், அங்கே காரியம் கைகூடாமல், 1620 இல் தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றன. ஒரு பட்டைக் கறுவாவை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இவ்வளவும் பேசினோம்.

அடுத்த வாரம் பாலர் பள்ளியில் வெட்டி ஒட்டும் நாள். பெற்றோரும் போய்ப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து கடதாசி அலங்காரம் செய்ய வேண்டும். அங்கேதான் டென்மார்க்கின் கடதாசி இதயத்தை முதன்முதலாகக் கிட்டப் பார்த்தேன். சிவப்பில் ஒரு நாக்கு, வெள்ளையில் ஒரு நாக்கு. இரண்டையும் மடித்து, கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து இழைத்தால் இதயம் வரும். கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860 இல் பச்சையும் பொன்னிறமுமான கடதாசியில் இழைத்த இதயம் ஒன்று இன்னும் இருக்கிறது. மிஞ்சியிருப்பவற்றுள் அதுதான் மிகப் பழையது.

மற்றவர்கள் நாலு கீற்றுடன் திணறிக்கொண்டிருந்தார்கள். என் விரல்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. அம்மம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பனஞ்சார்வில் பெட்டி இழைத்த விரல்கள் இவை. எட்டுக் கீற்று வெட்டி, சதுரம் சதுரமாகச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வர இழைத்து முடித்தேன். ஆசிரியை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பனை என்று ஒரு மரம் இருக்கிறது என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்த டேனிஷ் சொற்கள் தீரும்வரை சொன்னேன்: கடகம், நீத்துப்பெட்டி, திருகணி.

அந்த இதயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இழைத்து முடித்ததும் அது வாய் திறக்கும். மேலே ஒரு பிடி ஒட்டி, மரத்தில் தொங்கவிட்டு, உள்ளே சின்னச் சின்ன மசாலா பிஸ்கட் போட்டுவைப்பார்கள். வெறும் அழகுக்குச் செய்த பொருள் என்றால் அம்மம்மா மதிக்கமாட்டார். "இதுக்குள்ள என்ன வைக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார். அவர் இருந்திருந்தால் இதைப் பெட்டி என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் அட்வென்ட் முதல் ஞாயிறும் எங்கள் கார்த்திகை விளக்கீடும் ஒரே வாரத்தில் வந்தன. ஊரில் விளக்கீடு என்றால் படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் விளக்கேற்றுவோம். கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பந்தம். இங்கே வாழைக்கு எங்கே போக? அடுப்பெரிக்க விற்கிற பேர்ச் மரக்குற்றி ஒன்று வாங்கி, பல்கனியில் நிறுத்தி, அதன்மேல் சிட்டி வைத்தோம். யூட்லாந்துக் காற்று ஒரு நிமிடம் விடவில்லை. மூன்று தரம் நூர்ந்தது. நாலாவது தரம் மகள் உள்ளே ஓடிப்போய்த் தன் ஜாம் போத்தலை எடுத்துவந்தாள். போத்தலுக்குள் ஏற்றியது விடியும்வரை நின்று எரிந்தது.

அன்று அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். மின்விளக்கு நூர்த்திருந்தது; மேசையில் களிமண் அலங்காரம், பக்கத்தில் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை இலக்கம் போட்ட டிசம்பர்த் திரி. ஒரு நாளைக்கு ஓர் இலக்கம் மட்டும் எரிய வேண்டும், மறந்துவிட்டால் அடுத்த நாட்களும் சேர்ந்து உருகிவிடும் என்று மகள் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அதைக் கேட்கவில்லை. திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, அங்கேயும் கறண்ட் இல்லையோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. குரலில் பதற்றம் இருந்தது. இருக்குது அம்மா, அழகுக்குத்தான் நூர்த்திருக்கிறோம் என்றேன். "அழகுக்கோ" என்று மெல்லச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பின்னால் குழல்விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாருமில்லாவிட்டாலும் அவர் அதை நூர்ப்பதில்லை என்று அண்ணா சொல்லியிருக்கிறான்.

குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. மே 4, 2015. இரவு எட்டரை மணிக்குக் கீழ் வீட்டு அம்மா தன் யன்னலோரம் வரிசையாகத் திரிகள் ஏற்றுவதை வாகனத் தரிப்பிடத்திலிருந்து பார்த்தேன். மே மாதத்தில் அந்த நேரம் வெளியே இன்னும் வெளிச்சம்தான். என்ன விசேஷம் என்று கேட்கப் போனேன்.

1945 இல் அவருக்கு ஏழு வயதாம். ஜெர்மன் படை நாட்டைப் பிடித்து ஐந்து வருடம். இரவில் எல்லா யன்னலுக்கும் கறுப்புத் திரை போட்டே ஆகவேண்டும், ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே போகக்கூடாது. மே 4 இரவு 8.35 க்கு லண்டன் வானொலியின் டேனிஷ் ஒலிபரப்பில் ஜெர்மன் படை சரணடைந்த செய்தி வந்தது. அவருடைய அம்மா கதிரையில் ஏறிக் கறுப்புத் திரையைக் கிழித்தெறிந்துவிட்டு, வீட்டிலிருந்த திரிகளை எல்லாம், கிறிஸ்மஸில் எரிந்து மிஞ்சிய அடிக்கட்டைகளைக்கூட, யன்னலில் ஏற்றிவைத்தாராம். தெரு முழுவதும் அப்படித்தானாம். ஒவ்வொரு வருடமும் அந்த இரவில் இந்த நாட்டில் பலர் இன்னும் அப்படி ஏற்றுகிறார்கள்.

சாக்குக் கட்டிய எங்கள் யன்னலைப் பற்றி நானும் சொன்னேன். இத்தனை வருடத்தில் இங்கே ஒருவருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மேலே வந்து ஜாம் போத்தலைத் தேடி எடுத்தேன். கடதாசி பாதி உரிந்துபோயிருந்தது. புதுத் திரி வைத்து, யன்னல் விளிம்பில் ஏற்றினேன். ஏற்றிய கை தானாகத் திரைச்சீலையை இழுக்கப் போனது.

"ஏன் அம்மா மூடுறீங்கள்?" என்றாள் மகள்.

கையை எடுத்துவிட்டேன். அவள் படியிறங்கி ஓடி, வாகனத் தரிப்பிடத்தின் நடுவில் போய் நின்று, அண்ணாந்து எங்கள் யன்னலைத் தேடினாள். பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"தெரியுது அம்மா! நல்லாத் தெரியுது!"