ரோசா பர்கர் காத்து நின்ற கதவு

ஜோகன்னஸ்பர்கிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. செலவுக் கணக்கை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கோட்டைச் சிறையின் கதவுதான் கண்முன் வந்து நிற்கிறது.

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நதீன் கார்டிமரின் ‘பர்கர்ஸ் டாட்டர்’ (பர்கரின் மகள்) நாவலைப் படித்த நாளிலிருந்தே அந்தச் சிறையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. 1979இல் லண்டனில் வெளியான கையோடு தென்னாப்பிரிக்க அரசு தடை செய்து, அதே ஆண்டில் தடையை விலக்கிக்கொண்ட நாவல் அது. தொடக்கத்தில், கதையின் நாயகியான பதினான்கு வயது ரோசா, உள்ளே அடைபட்டிருக்கும் தாய்க்குக் கொடுப்பதற்காக மெத்தைப் போர்வையையும் வெந்நீர்ப் பையையும் சுமந்தபடி சிறை வாசலில் நிற்கிறாள். பார்ப்பவர்கள் அவளிடம் நிறவெறியை எதிர்க்கும் போராளிகளின் துணிச்சலான மகளைக் காண்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் மாதவிடாய் வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. போராட்டம் முதலிலும் பிள்ளைகள் அதற்குப் பிறகும் என்று வாழ்ந்த வீடுகளின் கதையை இதைவிட நேர்மையாக வேறெவரும் எழுதி நான் படித்ததில்லை.

ரோசாவின் தந்தை லயனல் பர்கருக்கு முன்மாதிரி, மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதித்த ரிவோனியா வழக்கில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் பிராம் ஃபிஷர். நீதிபதியின் மகனாகப் பிறந்த ஆப்பிரிக்கானர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர். 1966இல் ஆயுள் தண்டனை பெற்றார். புற்றுநோய் முற்றிய நிலையில் சகோதரரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு 1975இல் இறந்தபோது, அவருடைய அஸ்தியைக்கூடச் சிறைத்துறை திருப்பிக் கேட்டது.

ஃபிஷர் குடும்பம் வாழ்ந்த ஓக்லாண்ட்ஸ் பகுதியைப் பார்க்க ஆசைப்பட்டது என் தவறு. நூற்றெண்பது ராண்ட் என்று பேசி ஏற்றிக்கொண்ட ஓட்டுநர், இறங்கும்போது “காத்திருந்த நேரம்” என்று சொல்லி நானூற்றைம்பது பிடுங்கிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. பார்த்ததோ உயரமான மதில்களும் அவற்றின் மேல் ஓடிய மின்கம்பிகளும்தான். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக நீந்திய அவர்களுடைய நீச்சல் குளத்தை மனத்தில் வரைந்துகொண்டு திரும்பினேன்.

அந்தக் காசை ஈடுகட்ட, மறுநாள் கறுப்பர்களின் குடியிருப்பான சோவெட்டோவுக்கு மினிபஸ்ஸில் போய் மதியம் ‘கோட்டா’வோடு நிறுத்திக்கொண்டேன். கால் பங்கு ரொட்டியைக் குடைந்து, உருளை வறுவலும் இறைச்சித் துண்டும் மாங்காய் ஊறுகாயும் திணித்துத் தருகிறார்கள். ஊறுகாய்க்கு அங்கேயும் ‘அச்சார்’ என்றே பெயர். பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு அதுதான். 1976 ஜூன் 16இல் கிளர்ந்தெழுந்த மாணவர்கள் சுடப்பட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டேன். நாவலில், அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து நாடு திரும்பும் ரோசா, காயம்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கிறாள். 1977இல் அவளும் சிறைக்குள் போகிறாள்.

கோட்டைக்குப் போன காலை, ஜூலைக் குளிர் எலும்பைத் துளைத்தது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் என்பதை மறந்து, ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போயிருந்தேன். விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களையும் பயன்படுத்தி அங்கே அரசியலமைப்பு நீதிமன்றத்தை எழுப்பியிருக்கிறார்கள். நான் வெகுநேரம் நின்றது மண்மேட்டுக்குள் பதிந்த அந்தக் கனத்த கதவின் எதிரில்தான். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கழித்ததும், பேத்தி சாந்தி ஓராண்டுக்கு மேல் காவலில் இருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தன. அந்த வீட்டுப் பெண்களும் இப்படி எத்தனை கதவுகளின் முன் காத்திருந்தார்களோ!

அன்றிரவு, கணப்பு வசதி இல்லாத என் மலிவான விடுதி அறைக்கு, வீட்டுக்கார அம்மாள் கேட்காமலேயே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வயிற்றோடு அணைத்தபடி நாவலின் முதல் பக்கத்தை மறுபடி திறந்தேன்.