பாடகியின் பவுடர் டப்பா

பிப்ரவரி 12, 2025, புதன்

அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், இடைவேளையில் ரியானா பாடி இன்றோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடம் அரிசோனாவின் கிளெண்டேல். காணொளியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அந்தரத்தில் தொங்கும் மேடைகள், தலை முதல் கால் வரை சிவப்பு, வயிற்றில் இரண்டாவது குழந்தை. உலகமே அந்த வயிற்றைப் பற்றிப் பேசியது. ஒப்பனை போட்டுப் பிழைக்கும் எனக்குக் கண் வேறிடத்தில். பாட்டுக்கு நடுவே ஒரு பவுடர் டப்பா அவர் கைக்கு வருகிறது. முகத்தில் ஓரிரு ஒற்று. டப்பா போய்விடுகிறது, பாட்டு தொடர்கிறது.

அந்த மேடையில் பாடுபவருக்குப் பெரிதாகச் சம்பளம் கிடையாது. நிகழ்ச்சிச் செலவை ஏற்றுக்கொள்வார்கள். அதே ஆட்டத்தின்போது முப்பது நொடி விளம்பரத்துக்குச் சுமார் 70 லட்சம் டாலர் கேட்டார்கள். டப்பா அவருடைய சொந்த நிறுவனத்தினுடையது. கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் ஒரு பெண்ணுக்கு மேக்கப். நல்ல கருப்பு, நெற்றியோரம் இன்னும் கருப்பு, கன்னத்தில் லேசான செம்மை. என்னிடம் இருந்த ஃபவுண்டேஷன்களில் ஒன்று வெளுப்பு, ஒன்று மஞ்சள். இடது புறங்கையில் மூன்று சொட்டு விட்டு, நான்காவதாகச் சிவப்பு கலந்து, அவள் தாடையோரம் தடவி ஜன்னல் பக்கம் திருப்பினேன். சரியில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் கலந்தேன். நிறம் அமைவதற்கே இருபது நிமிடம் போய்விட்டது. "எப்போதும் இப்படித்தான் அக்கா, என் முகம் சாம்பல் பூத்துவிடும்" என்றாள், ஏதோ அவள் முகத்தின் குற்றம்போல.

குற்றம் புட்டியில் இருக்கிறது. வெளிர் நிறத்தை அளவுகோலாக வைத்துச் செய்த பூச்சில் கருப்பைக் கொஞ்சம் கூட்டினால் கருந்தோலுக்கான நிறம் கிடைத்துவிடாது. தோலுக்கு அடியில் சிவப்போ பொன்னிறமோ நீலமோ ஓடுகிறது. அதைக் கவனிக்காமல் வெள்ளை நிறமியை அள்ளிப் போட்டால், ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் திருநீறு பூசியதுபோல் ஆகிவிடும்.

2017 செப்டம்பர் 8 அன்று ரியானாவின் அழகுசாதன நிறுவனமான ஃபென்டி பியூட்டி வந்தபோது முதல் நாளே ஃபவுண்டேஷனில் 40 நிறங்கள். அப்படியொரு வரிசை அதற்கு முன்பே இல்லை என்பது புளுகு. சோமாலியாவில் பிறந்த மாடல் இமான் 1994-லேயே கருந்தோல் பெண்களுக்காகத் தனி நிறுவனம் தொடங்கினார். தொழில்முறை ஒப்பனைக்காரர்களுக்கான நிறுவனங்களிடமும் நீண்ட வரிசைகள் இருந்தன. ஆனால் அவற்றைத் தேடிப் போக வேண்டும். இங்கே கருப்பும் வெளுப்பும் ஒரே நாளில், ஒரே அலமாரியில், பதினேழு நாடுகளில் வந்தன. கருமையான நிறங்கள் பல கடைகளில் சீக்கிரமே தீர்ந்துபோயின. பிறகு மற்ற நிறுவனங்களும் அவசர அவசரமாக 40-ஐ எட்டின. இத்தனை நாள் முடியாது என்றவர்களுக்கு அப்போது மட்டும் எப்படி முடிந்தது?

பிப்ரவரி 15, சனி

இன்று பெயரைப் பற்றி ஒரு யோசனை. முழுப்பெயர் ராபின் ரியானா ஃபென்டி. பாட்டுக்கு நடுப்பெயர், வியாபாரத்துக்குக் குடும்பப் பெயர். கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து வந்து 2005-ல் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டபோது வயது 16. இரண்டு ஆண்டுகளில் அவரை உச்சிக்குக் கொண்டுபோன 'அம்ப்ரெல்லா'வை எழுதியவர்கள் வேறு பேர். அது முதலில் பிரிட்னி ஸ்பியர்ஸ் தரப்புக்குப் போய்த் திரும்பி வந்த பாட்டு.

முகமாவது சொந்தமா? 2012-ல் டாப்ஷாப் என்ற பிரிட்டிஷ் துணிக்கடை அவருடைய படத்தை பனியனில் அச்சடித்து விற்றது. படம் எடுத்தவரிடம் அனுமதி வாங்கியிருந்தது, ரியானாவிடம் வாங்கவில்லை. ஒருவரின் முகத்துக்கென்று தனி உரிமை ஆங்கிலேயச் சட்டத்தில் இல்லை. அவரே ஒப்புதல் கொடுத்த சரக்கு என்று வாங்குபவர் ஏமாறக்கூடும் என்ற வாதத்தில்தான் 2013-ல் வென்றார். 2015-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

2019-ல் ஃபென்டி என்ற பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதற்காகப் பெற்ற தந்தை மீதே வழக்குத் தொடுத்தார். 2021-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பெயரே அப்பாவிடமிருந்து வந்ததுதான் என்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் அவர் பக்கமே என் மனம் சாய்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று முகங்கள். தூரிகைகளைக் கழுவும்போது ரியானாவின் 'ஆன்டி' ஆல்பம் முழுவதும் கேட்டேன். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரியானா தொட்டதெல்லாம் பொன் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து எரிச்சல். 2019 மே மாதம் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் அவருக்காகப் பாரிஸில் ஃபென்டி என்ற ஆடம்பர உடை நிறுவனத்தைத் தொடங்கியது. 1987-ல் தொடங்கிய கிறிஸ்டியன் லாக்ருவா உடை நிறுவனத்துக்குப் பிறகு அவர்கள் புதிதாக எழுப்பிய முதல் நிறுவனம். இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2021 பிப்ரவரியில், கடையைக் கட்டினார்கள். பெருந்தொற்று ஒரு காரணம். எனக்குத் தோன்றுவது வேறு: பணக்காரர்களின் கோட்டுக்கு ஏற்கனவே நூறு கடைகள் உண்டு. அங்கே யாருடைய முகமும் சாம்பல் பூத்துக்கொண்டிருக்கவில்லை.

2018-ல் தொடங்கிய உள்ளாடை நிறுவனமான சேவேஜ் எக்ஸ் ஃபென்டி நிலைத்து நின்றதற்கும் இதுவே பதில். பருத்த உடலுக்கும் அளவு வைத்தார். அந்த உடல்களையே மேடையிலும் நடக்கவிட்டார். 2021 ஆகஸ்டில் ஃபோர்ப்ஸ் இதழ் போட்ட மதிப்பீட்டில் அவருடைய சொத்து 170 கோடி டாலர். அதில் 140 கோடி அழகுசாதன நிறுவனத்தில் அவருக்குள்ள பங்கு. பாட்டு மூலம் வந்தது மிச்சத்தில் ஒரு பகுதி. அந்தக் குரலுக்கு அவ்வளவுதானா என்று ரசிகை மனம் அடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று அவருக்கு 37 வயது. 2021 நவம்பர் 30 அன்று பார்படோஸ் குடியரசானபோது அவரைத் தேசிய நாயகியாக அறிவித்தார்கள். பிரதமர் மியா மோட்லி வாழ்த்தும்போது, வைரம்போல் மின்ன வேண்டும் என்று அவருடைய பாட்டு வரியையே எடுத்துச் சொன்னார். பவுடரைப் பற்றிப் பேச்சில்லை. நாட்டுக்குப் பாட்டுதான் நினைவிருக்கிறது.

'ஆன்டி' வந்தது 2016 ஜனவரியில். ஒன்பது ஆண்டுகளாக அடுத்த ஆல்பம் இல்லை. பிறந்தநாளாயிற்றே, ஏதாவது அறிவிப்பு இருக்கும் என்று இரவு பத்து மணிக்குத் தேடினேன். ஃபென்டி ஹேரின் கூந்தல் க்ரீம் விளம்பரம் வந்தது. திட்டிக்கொண்டே, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கடைசி வரி வரை படித்தேன்.