மூன்றடித் தொட்டிக்கு நாலாவது மீன்

ஜூன் 8, ஞாயிறு

வீட்டிலிருக்கும் கடல்நீர் மீன் தொட்டி இன்னும் ஒரே ஒரு மீனைத் தாங்கும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் பல வாரமாக 10 பிபிஎம்-ஐத் தாண்டவில்லை. தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் தேறும். இப்போது குடியிருப்பவர்கள் ஒரு ஜோடி கோமாளி மீன், டெயில்ஸ்பாட் பிளென்னி என்னும் குட்டி மீன் ஒன்று, ஒரு கிளீனர் இறால். பவளத்தில் லெதர், சோயாந்தஸ், மஷ்ரூம் என்னும் மெத்தென்ற வகைகள் மட்டும். கல்பவளம் 2001-லிருந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைக்கக் கூடாது. "உள்ளே ஒரு துண்டு இருக்கு சார்" என்று யார் காதில் வந்து சொன்னாலும் எனக்கு வேண்டாம்.

மகளுக்கு நீல டாங் வேண்டும். கடையில் அது இரண்டு அங்குலம்தான். வளர்ந்தால் ஒரு அடி, நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும். "அப்போ பெரிய தொட்டி வாங்குப்பா" என்றாள். அவள் அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எந்த மீன் எதோடு சேரும் என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டம் போட்ட அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. இனத்தோடு இனத்தை ஒப்பிட அவை போதும். என் பெண் கோமாளியின் குணம் எந்தக் கட்டத்திலும் இருக்காது. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரத்தைக் கையில் எடுக்கும். இங்கே லெதர் பவளத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம் அவளுடைய எல்லை, நான் கையை விட்டாலும் கடிக்கிறாள். ஆக, நடுத் தண்ணீரில் வலது பாதி போயிற்று. பாறைப் பொந்துகள் பிளென்னிக்கு. காலியாகக் கிடப்பது மணல்தான். புது மீன் சாதுவா முரடா என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே படுத்துத் தூங்கும் என்று கேட்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் பட்டியல் மளமளவென்று சுருங்குகிறது. ஆறு கோட்டு ராஸ் அழகுதான், ஆனால் அன்ரிசர்வ்ட் பெட்டியில் முதலில் ஏறியவர் மாதிரி, பின்னால் வருகிற யாரையும் உட்கார விடாது. அதைக் கடைசி மீனாகத்தான் விட வேண்டும், அதுவும் இன்னும் பெரிய தொட்டியில். கோரல் பியூட்டி ஏஞ்சல் பவளத்தைக் கொத்தலாம். சில கொத்துவதே இல்லை என்கிறார்கள், எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். மாண்டரின் மீன் கோபிபாட் என்னும் பொடிப்பொடி ஓட்டுடலிகளைப் பொறுக்கியே வாழ்வது. இத்தனை சின்னத் தொட்டியில் அதற்குப் பட்டினிதான். பச்சை குரோமிஸை ஐந்தாக வாங்கினால், ஒன்றையொன்று விரட்டி விரட்டி ஒன்றிரண்டுதான் மிஞ்சும். ஃபயர்ஃபிஷ் சாது. என் பெண் கோமாளி இரண்டு தரம் துரத்தினால் மூன்றாம் தரம் வெளியே குதித்துவிடும். வலை மூடி போட்டிருக்கிறேன். இருந்தாலும் பயத்திலேயே வாழும் மீனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மிஞ்சியவை இரண்டு: ராயல் கிராமா, மணலில் வாழும் மஞ்சள் வாட்ச்மேன் கோபி.

ஜூன் 15, ஞாயிறு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனேன். அங்கே நன்னீர் மீன்தான் அதிகம். கடல் மீன் கடைகளைத் தேடிப் போக வேண்டும்.

"ராயல் கிராமா சார், சாதுவான மீன்" என்று காட்டினார்கள். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், நடுவே அடிக்கோல் வைத்துப் பிரித்தது போல நேர்கோடு. அது கிராமா இல்லை, பைகலர் டாட்டிபேக். கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளில் கரையும், கண் வழியாக ஒரு கோடு ஓடும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்புள்ளி இருக்கும். கிராமா கரீபியன் கடலில் இருந்து வர வேண்டும், டாட்டிபேக் மேற்குப் பசிபிக்கிலேயே கிடைக்கிறது. குணமோ வேறு. டாட்டிபேக் பிளென்னியைப் பொந்திலிருந்து கிளப்பிவிடும். நல்ல கிராமா வந்திருந்தாலும் அதற்கும் பொந்துதானே வேண்டும்? பட்டியலிலிருந்து அதையும் அடித்தேன்.

கோபி ஒன்றே ஒன்று இருந்தது. "மணலெல்லாம் சுத்தம் பண்ணிடும் சார்" என்றார் கடைக்காரர். பண்ணாது. மணலை வாயில் அள்ளிச் சலிப்பது டைமண்ட் கோபி, அது சின்னத் தொட்டியில் இளைத்துப் போகும். இது வளை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ரகம். "அண்ணே, சாப்பிடுதான்னு பார்க்கலாமா?" என்றேன். மைசிஸ் என்னும் பொடி இறால் தீனியைப் போட்டதும் பாய்ந்து வந்து விழுங்கியது. வயிறு ஒட்டவில்லை, செவுள் நிதானமாக அசைந்தது. கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றுவதால் பக்கத்துத் தொட்டி மீன்களிலும் வெண்புள்ளி நோய் உண்டா என்று பார்த்தேன். இல்லை. வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோபி வீட்டுக்கு வந்தாயிற்று. கடைத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.020, என் தொட்டியில் 1.025. உப்பு குறைந்த நீரிலிருந்து கூடிய நீருக்குப் போவதுதான் மீனுக்குக் கஷ்டம். அதனால், நோய் தெரிகிறதா என்று பார்க்கப் புது மீனைத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியை 1.020-லேயே கலந்து வைத்திருந்தேன், இனி நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றலாம். ஒளிய ஒரு பிவிசி குழாய். படுக்க ஒரு கிண்ணத்தில் சிலிக்கா மணல். பவள மணல் போட்டால், பின்னால் வெண்புள்ளிக்குச் செம்பு மருந்து விட நேர்ந்தால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலம் கரண்ட் போனது, பேட்டரி ஏர் பம்ப் ஓடியது.

ஜூலை 9, புதன்

சாப்பிடுகிறது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை. இந்த இரண்டாம் தொட்டி ஹாலில் எது வரைக்கும் இருக்கும் என்று வீட்டில் கேட்டாயிற்று. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து தரையில் கட்டியாகிக் கிடக்கும். அந்தக் கட்டி மூன்று நாளிலும் வெடித்துப் புது ஒட்டுண்ணிகளை விடும், நான்கு வாரம் கழித்தும் வெடிக்கும். பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் இறாலும் பவளமும் இருப்பதால் செம்பு விட முடியாது. இந்த மாசம் முழுக்க இருக்கும் என்றேன்.

ஜூலை 26, சனி

புள்ளி எதுவும் வரவில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு, துளை போட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்துப் பெரிய தொட்டிக்குள் இறக்கினேன், இடது கோடியில்.

ஜூலை 28, திங்கள்

நேற்று பகல் முழுக்கப் பெண் கோமாளி பெட்டியை முட்டினாள். இன்று ஏறிட்டும் பார்க்கவில்லை. வலது பக்கம் அவளுக்குத் தீனி போட்டுக்கொண்டே இடது பக்கம் பெட்டியைத் திறந்தேன். கோபி நேராகக் கீழே போய்க் கல்லடியில் தோண்ட ஆரம்பித்தது. கற்கள் மணல்மேல் இல்லை, கண்ணாடித் தரைமேல் நிற்கின்றன. எவ்வளவு தோண்டினாலும் சரியாது.

ஆகஸ்ட் 2, சனி

சோயாந்தஸ் மேல் தினமும் மணல் விழுகிறது. அவற்றை ஒரு கல் உயர்த்தி வைத்தேன். பிளென்னி ஒரு முறை இறங்கிப் போய்ப் பார்த்தது, வாய் பிளந்து காட்டினார்கள், அவ்வளவுதான்.

கோபிக்குக் கூட்டாளியாக ரான்டால் பிஸ்டல் இறால் வேண்டுமென்று மகள் கேட்கிறாள். அது வளை தோண்டும், இவர் காவல் இருப்பார். கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீனைப் பிடிக்கும் வெண்புள்ளி ஒட்டுண்ணி இறாலைத் தாக்காது, ஆனால் இறாலின் ஓட்டில் அதன் கட்டி ஒட்டிக்கொண்டு வரலாம். ஆகவே ஹாலில் அந்த இரண்டாம் தொட்டி இன்னும் சில வாரம் இருக்கும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.